ஸஹர் ரபானும் பள்ளி நகராவும்



தரம் 8 பிள்ளைகளிடம் "ரபான் தெரியுமா?" என்று கேட்டோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களப் பெண்கள் சுற்றியிருந்து அடிப்பதை டீவியில் கண்டதாகச் சொன்னார்கள். சரிதான். ஆனால் நமது தெருவிலும் அது ஒலித்தது என்பது ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

நாங்கள் சின்ன வயதில் ஸஹருக்கு எழும்பியது பாவாமாரின் ரபான் சத்தத்தில்தான். பின்னிரவில் லாம்போடு பைத் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவார்கள். நோன்பு முடிய வீடுகளுக்கு வருவார்கள். உம்மாமார் அரிசியும் காசும் கொடுப்பார்கள். மரச்சட்டத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டியதுதான் ரபான். பனிக்குத் தோல் தொய்ந்துவிடும்; நெருப்பில் காட்டித்தான் அடிக்க வேண்டும். மலாய் மொழியில் இதன் பெயர் ரெபானா. ஒல்லாந்தர் காலத்தில் மலாய் மக்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதைப் படிப்பிக்கும்போது இந்தச் சொல்லையும் சேர்த்தே சொல்கிறோம்.

பாவாமாரில் பலர் ரிபாயி தரீக்காவைச் சேர்ந்தவர்கள். 1182இல் ஈராக்கில் வபாத்தான அஹ்மத் ரிபாயி அவர்களின் வழி அது. ஜெய்லானியிலும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலும் அவர்களின் ராத்திபைக் கண்டவர்களுக்கு ரபானின் வேகம் ஏற ஏற நெஞ்சு படபடத்தது நினைவிருக்கும்.

பள்ளிவாசலில் இருந்தது நகரா. ஒலிபெருக்கி வருமுன் மோதினார் அதை அடித்துவிட்டுத்தான் பாங்கு சொல்வார். மனிதக் குரல் எட்டாத வயல்வெளிக்கும் நகரா எட்டும். மின்சாரமும் ஒலிபெருக்கியும் வந்தன, நகரா மூலைக்குப் போனது.

ரபானின் கதை வேறு. அது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா என்ற பேச்சு எழுந்து, ஒரே குடும்பத்துக்குள்ளேயே சாச்சாவும் மாமாவும் முகம் பார்க்காமல் போன ஊர்கள் உண்டு. பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகியின் வீட்டில் சிறுமிகள் தஃப் அடித்ததை அபூபக்கர் நாயகம் கண்டிக்க, நபியவர்கள் விடச் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அதை எதுவரை எடுப்பது என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தீர்ப்பு அவர்களின் வேலை. எங்களுடைய வேலை வரலாறு.

ஆகவே ஒன்று மட்டும் கேட்கிறோம். உங்கள் பள்ளிக் களஞ்சியத்தில் நகரா கிடந்தால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஸஹர் பைத் மனனமாக உள்ள மூத்தவர்கள் இருந்தால் இந்த நோன்புக்குள் ஃபோனில் பதிந்து வையுங்கள். எங்கள் ஊர் நகராவைத் தேடிப் போனபோது தோல் இல்லை. உள்ளே உடைந்த ஓட்டுத் துண்டுகள் போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அதைக் கழுவி எடுத்து, இப்போது வகுப்பறையில் வைத்திருக்கிறோம்.