தரங்கம்பாடிக்கு வந்த கடிதங்கள்

திருக்கடையூர் என்றவுடன் அபிராமி பட்டரும் தஞ்சை மன்னரும் நினைவுக்கு வருவர். தை அமாவாசையன்று கோயிலுக்கு வந்த முதலாம் சரபோஜி, தியானத்தில் ஆழ்ந்திருந்த பட்டரிடம் அன்றைய திதியை வினவ, அவர் பௌர்ணமி என்று கூற, மன்னர் சினந்தார் என்பது செவிவழி மரபு. கேள்வி ஒன்று, பதில் ஒன்று, உடனே தீர்ப்பு. பட்டர் எந்த நிலையிலிருந்து அவ்வாறு சொன்னார் என்று மறுபடியும் கேட்க அங்கே எவருக்கும் பொறுமை இருந்ததாகத் தெரியவில்லை.

சரபோஜி அரியணை ஏறியது 1712இல். அதே ஆண்டில், திருக்கடையூரை அடுத்துள்ள கடற்கரை ஊராகிய தரங்கம்பாடியில் வேறு விதமான கேள்விகள் புறப்பட்டன. அங்கிருந்த லுத்தரன் குருக்களான சீகன்பால்குவும் குருண்ட்லரும் தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்தம் கடவுள் கொள்கை, நோன்பு, திருமணம், மருத்துவம் முதலியவற்றைக் குறித்து விளக்கம் வேண்டினர். 1714 வரை வந்த பதில்களுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பாக ஹாலே நகரில் இரு பகுதிகளாக அச்சேறின. இவற்றுட் பலவற்றை அவர்களுடைய மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பரே எழுதியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். இருக்கட்டும், அப்போதும் பேசுவது தமிழர் குரலே.

கிறிஸ்தவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதும் அவர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று. பதில் இனிமையாக வரவில்லை. பசுவைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், உடல் தூய்மை பேணுவதில்லை, ஆகவே உங்கள் சமயத்தை எங்கள் மக்கள் இகழ்கிறார்கள் என்று எழுதியனுப்பினர். அந்த வசையையும் மொழிபெயர்த்துத் தம் ஊராருக்கு அனுப்பி வைத்தனர் குருக்கள். இது எளிய செயலன்று. நம் குறையைச் சொல்லும் கடிதத்தை நம்மில் எத்தனை பேர் பத்திரப்படுத்துகிறோம்?

சீகன்பால்கு பிறவியிலேயே பொறுமைசாலி என்று எண்ணிவிட வேண்டாம். 1706இல் வந்திறங்கிய அவர், தொடக்க காலத்தில் ஒரு கோயிலின் உருவங்கள் சிலவற்றின் தலையை உடைத்ததைத் தாமே எழுதிவைத்திருக்கிறார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகியவரும் அவரே. 1713இல் அவர் எழுதி முடித்த நூல், தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை ஊர்த் தேவதைகள் உட்பட விரித்துரைப்பது. உருவத்தின் தலையை உடைத்த கை, அந்தத் தெய்வத்தின் பெயரையும் வழிபாட்டையும் கேட்டுக் குறித்துக்கொண்டது. தம் நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. எதிராளியை மறுத்தும் பேசினார். ஆயினும், மறுப்பதற்கு முன் கேட்டார்.

ஹாலேயிலிருந்த பெரியோர் அந்நூலை அச்சிட விரும்பவில்லை. 1719இல், 36 வயதில், சீகன்பால்கு காலமானார். நூல் சென்னையில் வெளிவந்தது 1867இல்.

இங்கே நம் திருச்சபையாரையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சீகன்பால்கு தமிழில் மறைச்சொற்களைக் கற்றதில் கத்தோலிக்கக் குருக்கள் எழுதிய நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்குப்பின் நம் வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரை நோக்கி எழுதியவை வேதவிளக்கமும் பேதகமறுத்தலும். தமிழ் உரைநடைக்கு அவை செல்வம்தான். எனினும் கண்டன நூல்கள். அங்கிருந்தும் கண்டனமே திரும்பி வந்தது. சைவரிடமும் வைணவரிடமும் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. ஒரே விவிலியத்தை ஓதிய இவ்விரு சாராரிடையே அத்தகைய கடிதம் போகவில்லை.