இஸ்ரேலியத் திரையில் யாருக்குக் கதை உண்டு?

இஸ்ரேல் என்ற அரசு 1948 இல் பிறப்பதற்கு முன்பே அதற்கான சினிமா பிறந்துவிட்டது. 1935 இல் ஹெல்மர் லேர்ஸ்கி எடுத்த 'அவோதா' படத்தில் பாலஸ்தீன மண்ணைத் தோண்டித் தண்ணீர் தேடும் உழைப்பாளிகளே நாயகர்கள். ஐரோப்பாவில் அஞ்சி ஒடுங்கி வாழ்ந்த யூதருக்குப் பதிலாக, நிலமும் உடல் வலுவும் கொண்ட 'புதிய யூதர்' என்ற அடையாளத்தை அன்றைய படங்கள் கட்டியெழுப்பின.

இந்த வகையில் அதிகம் பேசப்படுவது, பிரித்தானிய இயக்குநர் தோரோல்ட் டிக்கின்சன் 1955 இல் எடுத்த 'குன்று 24 பதில் சொல்லவில்லை'. 1948 போரில் யுத்தநிறுத்தம் தொடங்குமுன் ஜெருசலேமுக்கு அருகே ஒரு குன்றைப் பிடித்து வைத்திருக்க நால்வர் அனுப்பப்படுகிறார்கள். ஓர் ஐரிஷ்காரர், ஓர் அமெரிக்க யூதர், அந்த மண்ணிலேயே பிறந்த ஒருவர், யேமனியப் பின்னணி கொண்ட ஒரு பெண். ஆண்கள் மூவரின் கடந்த காலமும் விரிவாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்ணுக்குக் கதையே இல்லை. ஆனால் நால்வரும் இறந்தபின், அவளது கையில் இருக்கும் கொடியே குன்று யாருக்குரியது என்பதைத் தீர்மானிக்கிறது. அவளது சடலம் தேசத்துக்குத் தேவைப்பட்டது. அவளது வாழ்க்கை தேவைப்படவில்லை.

அரபு நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் தற்காலிக முகாம்களில் அடைபட்டுக் கிடந்ததை எப்ராயிம் கிஷோனின் 'சல்லா ஷபாத்தி' (1964) நகைச்சுவையாகச் சொன்னது. ஒஸ்கார் பரிந்துரை வரை சென்ற படம். ஆனால் இயக்குநரும் நாயகனாக நடித்த டோபோலும் ஐரோப்பிய யூதர்களே. நாஜி முகாம்களிலிருந்து தப்பியவர்களும் வெகுகாலம் திரையில் ஓரமாகவே நின்றார்கள். 'அவியாவின் கோடை' (1988) வந்தபோதுதான், மனம் சிதைந்த ஒரு தாயை அயலவர் ஒதுக்குவதை அந்நாடு நேருக்கு நேர் பார்த்தது.

ஆரி ஃபோல்மனின் 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008) பிரச்சினையை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறது. 1982 இல் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலா முகாம்களில் லெபனானின் பலாஞ்சிஸ்ட் ஆயுதக்குழு படுகொலை செய்தபோது, சுற்றிவளைத்து நின்றது இஸ்ரேலிய இராணுவம். அந்தப் போரில் சிப்பாயாக இருந்தவர், மறந்துபோன தன் நினைவைத் தேடுகிறார். அவுஷ்விட்சிலிருந்து தப்பிய பெற்றோரின் மகன் அவர் என்பதைப் படம் மறைக்கவில்லை. நேர்மையான படம்தான். ஆனாலும் அது சிப்பாயின் காயத்தைப் பற்றியது. ஓவியப் படம் இறுதியில் உண்மைக் காட்சிகளாக மாறுகிறது, பாலஸ்தீனப் பெண்கள் கதறுகிறார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் குரல் அங்கே வெறும் ஓலமாகவே நிற்கிறது.

இவ்வளவுகூட அரசுக்கு ஒவ்வவில்லை. சோதனைச்சாவடியில் கொல்லப்பட்ட பாலஸ்தீனர்களை இராணுவம் மூடி மறைப்பதாகச் சித்திரித்த சாமுவேல் மாவோஸின் 'ஃபொக்ஸ்ட்ரொட்' (2017) படத்தை, அப்போதைய கலாசார அமைச்சர் மிரி ரெகெவ், தான் பார்க்காமலேயே கண்டித்தார். அரச நிதி பெற்ற அந்தப் படம் அதே ஆண்டில் இஸ்ரேலின் உயர் திரைப்பட விருதான ஒஃபிர் விருதை வென்றது.