திருநாரையூர் நம்பி தொகுத்த நூல்கள்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூர், சிதம்பரம், விருத்தாசலம் வட்டாரத்து எருக்கத்தம்புலியூர் ஆகிய மூன்றும் இன்றைய கடலூர் மாவட்டத்து ஊர்கள். சைவத் திருமுறைகளைத் தேடி எடுத்துத் தொகுத்த வரலாறு இவற்றைச் சுற்றியே நடந்ததாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சிதம்பரம் கொற்றவன்குடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் நூல் அது.

திருநாரையூர்க் கோயில் அர்ச்சகர் மரபில் வந்த நம்பியாண்டார் நம்பியிடம் சோழ மன்னன், சம்பந்தர், அப்பர், சுந்தரர் என்ற மூவரின் தேவாரப் பாடல்களைப் பற்றிக் கேட்டான். ஏடுகள் தில்லை எனப்படும் சிதம்பரத்துக் கோயிலில் ஓர் அறையில், மூவரின் கை முத்திரையோடு பூட்டிக் கிடப்பது திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையார் அருளால் தெரிய வந்தது. பாடியவர்கள் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றனர் கோயில் பூசகர்களான தில்லைவாழந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து கதவைத் திறக்க வைத்தான். உள்ளே சுவடிகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்தபின் எஞ்சிய ஏடுகளே கிடைத்தன. அவற்றை நம்பி தொகுத்தார். அவற்றுக்குப் பண் வகுக்க, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அழைக்கப்பட்டார். இது புராணம் சொல்லும் கதை.

தேவாரம் அதற்கு முன் அடியோடு மறைந்துவிடவில்லை. கோயில்களில் திருப்பதியம் பாடுவதற்கு நிவந்தம் விட்ட செய்தி பல்லவர் காலக் கல்வெட்டிலேயே உண்டு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும் உடன் கொட்டி முழக்க இருவரையும் அமர்த்தினான். ஆகவே சில பதிகங்கள் ஓதுவார் நாவில் வாழ்ந்தன என்றும், முழுத் தொகுதியாக ஏட்டில் கிடைத்த இடம் தில்லை என்றும் கொள்வதே பொருந்தும். புராணம் அபயகுலசேகரன் என்று குறிக்கும் மன்னனை இராசராசனாகக் கொள்வது வழக்கம். ஆனால் ஒன்பதாம் திருமுறையில் கருவூர்த்தேவர் கங்கைகொண்ட சோழேச்சரத்தைப் பாடியிருக்கிறார். அது இராசராசனின் மகன் இராசேந்திரன் எடுத்த கோயில். எனவே தொகுப்புப் பணி இராசராசன் காலத்திலேயே முடிந்திருக்க முடியாது.

தமிழிலக்கியம் நம்பிக்குப் பட்ட கடன், மூவர் பாடல்களை மீட்டதோடு தீர்வதல்ல. சம்பந்தர், அப்பர், சுந்தரர் பெயர்களை நாடறியும். பெயர் பரவாத புலவர்களையும் அதே வரிசையில் உட்கார வைத்ததுதான் இத்தொகுப்பின் பெருமை. ஓலைச்சுவடி நெடுங்காலம் நிற்பதில்லை; செல்லரிக்கும், கறையான் தின்னும். பெயர்த்து எழுதாத நூல் சில தலைமுறைகளில் அழிந்துவிடும். திருமுறை என்ற வரிசைக்குள் சேர்ந்த நூலுக்கோ, பெயர்த்து எழுதும் கைகள் தொடர்ந்து கிடைத்தன.

ஒன்பதாம் திருமுறையில் ஒன்பதின்மர் பாடிய 29 பதிகங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்குமேல் தில்லையைப் பற்றியவை. முதலாம் பராந்தகனின் மகன் கண்டராதித்த சோழன் பாடியது ஒன்று. சேர நாட்டு வேணாட்டடிகள் பாடியது ஒன்று. சேந்தனாரின் திருப்பல்லாண்டும் இதில் அடங்கும்.

பதினொன்றாம் திருமுறை இன்னும் வியப்பானது. பன்னிருவர் எழுதிய நாற்பதை ஒட்டிய சிறுநூல்களின் கோவை அது. அந்தாதி, இரட்டைமணிமாலை, மும்மணிக்கோவை, உலா, கலம்பகம், மறம், ஆற்றுப்படை என்று பிற்காலத்தார் சிற்றிலக்கியம் என வகுத்த பல வடிவங்களின் பழைய எடுத்துக்காட்டுகள் இங்கேதான் கிடைக்கின்றன. சேரமான் பெருமாளின் திருக்கயிலாய ஞான உலாவை ஆதியுலா என்றே அழைப்பர். காரைக்காலம்மையாரின் நான்கு நூல்களும் இத்திருமுறையில்தான் இருக்கின்றன. ஐயடிகள் காடவர்கோனின் 24 வெண்பாக்களில் முதலாவது தில்லைச் சிற்றம்பலத்தைச் சொல்கிறது. அதிராவடிகள், இளம்பெருமானடிகள் இருவரும் ஆளுக்கு ஒரு மும்மணிக்கோவையால் மட்டுமே அறியப்படுகிறார்கள். அந்த ஒரு நூலும் இத்தொகுப்பில் சேராமல் போயிருந்தால் பெயரும் மிஞ்சியிருக்காது.

இதே வட்டாரத்தில் வைணவத்துக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. வீரநாராயணபுரம் எனப்பட்ட காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகள், நம்பிக்கு முற்பட்டவர். யாத்திரையாக வந்தவர்கள் பாடிய நம்மாழ்வாரின் பத்துப் பாடல்களைக் கேட்டு, மீதியைத் தேடிக் குருகூர் வரை போய், ஆழ்வார்களின் நாலாயிரம் பாடல்களையும் பெற்று வந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் அவற்றை இசையோடு கற்பித்தார்.

தொகுத்த பிறகும் காக்கும் வேலை நிற்கவில்லை. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் நரலோகவீரன், மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்துத் தில்லையில் வைத்ததைச் சிதம்பரம் கல்வெட்டுப் பாடல் தெரிவிக்கிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் அதே ஊரில் அரங்கேறிய சேக்கிழாரின் பெரியபுராணம், நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியைத் துணையாகக் கொண்டு எழுந்து, பன்னிரண்டாம் திருமுறையாயிற்று.

தில்லை ஏடுகளில் வாராத பதிகங்களும் இருந்தன. திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டிலிருந்து சம்பந்தர் பதிகம் ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படியெடுக்கப்பட்டது. இன்றைய பதிப்புகள் அதை மூன்றாம் திருமுறையின் இறுதியில் சேர்த்து அச்சிடுகின்றன.