படம் பார்க்கப் படித்த ஊர்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சினிமா வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இது கொஞ்சம் கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட கதையும்தான்.

நாகர்கோவிலில் இருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது திருவனந்தபுரம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னும் 'திருவந்தரம்'தான். கேரள சர்வதேசத் திரைப்பட விழா அங்கே வழக்கமாக டிசம்பரில் நடக்கும். ஆட்டோ ஓட்டுகிறவர், ஆசிரியர், மாணவர் என்று எல்லோரும் வரிசையில் நின்று ஈரான் படமும் கொரியப் படமும் பார்க்கிறார்கள். 2013-ல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் வந்தபோது அவரைப் பார்க்க அப்படி ஒரு கூட்டம்! இந்த ரசனை எங்கிருந்து வந்தது?

விடை தேட கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதுவும் நம்ம ஊர் வழியாக.

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி.டேனியல், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கும் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அன்றைக்கு நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்தது. சொத்தை விற்றுப் படம் எடுத்தார். 1930-ல் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிட்டார் (1928 என்றுதான் ரொம்ப நாள் எழுதிக் கொண்டிருந்தார்கள்). கதாநாயகி பி.கே.ரோஸி ஒரு தலித் பெண். படத்தில் அவர் நாயர் பெண்ணாக வருகிறார். ஆதிக்க சாதியினர் அதைப் பொறுக்க முடியாமல் கலாட்டா செய்தார்கள். ரோஸி ஊரை விட்டே ஓட வேண்டி வந்தது. டேனியல் கடனாளியானார், அடுத்த கதைப்படம் எடுக்கவே இல்லை. 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை.

ஆக, 1930-ல் நடிகையைத் துரத்திய அதே ஊர்தான் இன்று உலக சினிமாவுக்கு வரிசையில் நிற்கிறது. இடையில் என்ன நடந்தது?

ஃபிலிம் சொசைட்டி நடந்தது.

புனே திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த அடூர் கோபாலகிருஷ்ணன், நண்பர்களோடு சேர்ந்து 1965-ல் திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். அந்தப் பணத்தில் ரேயும் குரோசவாவும் எடுத்த படங்களை வரவழைத்துத் திரையிடுவார்கள். படம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். என் கணிப்பில் மொத்தக் கதையின் உயிரும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒரு காட்சி ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்று பத்துப் பேர் விவாதித்தால், அதுவே ஒரு வகுப்பு. சம்பளம் வாங்காத வாத்தியார்கள், ஹாஜர் எடுக்காத வகுப்பு! இதைப் பார்த்துக் கேரளத்தின் சிறு ஊர்களிலும் சொசைட்டிகள் முளைத்தன. சித்ரலேகா கூட்டுறவு முறையில் படத் தயாரிப்பிலும் இறங்கியது. அப்படி வந்ததுதான் அடூரின் முதல் படம் 'சுயம்வரம்' (1972). அதற்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

அடுத்தவர் ஜான் ஆபிரகாம். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தவர் என்றால் நமக்குச் சட்டென்று புரியும். 1984-ல் நண்பர்களோடு 'ஒடேஸா' என்ற மக்கள் இயக்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, சாதாரண ஜனங்களிடம் சில்லறையாக வசூல் செய்து 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். தயாரிப்பாளர் யார் என்றால் பார்வையாளர்கள்தான். முதலீடும் அவர்களுடையதுதான். எங்கள் பாடப் புத்தகத்தில் இந்த மாதிரிக்குத் தலைப்பே கிடையாது :-)

இவ்வளவுக்கும் பிறகுதான் 1996-ல் கோழிக்கோட்டில் முதல் சர்வதேச விழா நடந்தது. 1998-ல் மாநில அரசு சலச்சித்ர அகாடமியை அமைத்து விழாவை அதனிடம் ஒப்படைத்தது. அகாடமி விழாவோடு நிற்கவில்லை. மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம், இயக்குநரிடம் நேரடியாகக் கேள்வி கேட்க ஓபன் ஃபோரம், கிராமங்களுக்குப் படம் கொண்டுபோக டூரிங் டாக்கீஸ் என்று பழைய சொசைட்டி வேலையையும் தொடர்ந்தது. அதாவது 31 வருடம் பாடம் நடந்து, அப்புறம்தான் திருவிழா. நாமோ கொடியேற்றத்துக்கு முன்பே தேர் இழுக்கப் பார்க்கிறோம்.

படம் பார்த்ததால் சாதி போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ரோஸியின் பெயரில் ஒரு ஃபிலிம் சொசைட்டி வர 2019 வரை ஆனது. மலையாள சினிமாப் பெண்களின் அமைப்பு (டபிள்யூ.சி.சி.) அதைத் தொடங்கியது. டேனியலின் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது. ஆனால் உயிரோடு இருந்தபோது அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி உதவி மறுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். மன்னிப்பு தாமதமாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. பழைய தப்பைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரு கூட்டம் உருவாகியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். டேனியலும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் நம் மண்ணுக்காரர்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கமும் நடக்கலாம். அதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு கல்லூரி ஹால், ஒரு புரொஜெக்டர், மாதம் ஒரு படம், முடிந்ததும் அரை மணி நேரப் பேச்சு, தலைக்கு ஒரு டீக்காசு சந்தா. சித்ரலேகாவின் ஆரம்பக் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான்.

முதல் படம் எதுவாகவும் இருக்கட்டும். முதல் பேச்சு மட்டும் ரோஸியைப் பற்றி இருக்கட்டும்.