ஒரே கோப்பில் ஓர் ஊரின் பெயர்கள்: எஸ்கியூலைட் பழுதானால் என்ன செய்வது?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோரத்தில் பெயர்ப்பட்டியல் வைத்திராத அமைப்பைக் காண்பது அரிது. பள்ளிவாசல் நிருவாகத்திடம் குடும்பப் பதிவு இருக்கிறது. மீனவர் சங்கத்திடம் படகு விபரமும் பெண்கள் சங்கத்திடம் கடன் கணக்கும் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் பெயரும் திகதியும் இடமும் எழுதிய பட்டியல் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடல், பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் சேர்த்தே கொண்டுபோனது. கடதாசி மட்டும் போதாது என்று அன்று கற்றோம். இன்று அந்தப் பட்டியல்கள் பல மடிக்கணினியிலும் போனிலும் இருக்கின்றன.

இத்தகைய சிறு மென்பொருள்களை எழுதுவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. அவற்றில் பெரும்பாலானவை தரவைச் சேமிப்பது எஸ்கியூலைட்டில். அது பழுதாகும்போது கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எஸ்கியூலைட் என்பது என்ன?

சுனாமிக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருள் சேர்வரில் ஓடியது. ஊர்ச் சங்கத்துக்குச் சேர்வர் கட்டுப்படியாகாது. எஸ்கியூலைட்டுக்குச் சேர்வர் தேவையில்லை. அது மென்பொருளுக்குள்ளேயே பொதிந்திருக்கும் ஒரு நூலகம். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டு இதை வெளியிட்டார். பதிப்புரிமை எதுவும் கோரவில்லை. உங்கள் போனில் தொடர்பு இலக்கங்களும் வட்ஸ்அப் செய்திகளும் சேமிக்கப்படுவது இதே முறையில்தான். 2050 வரை பராமரிப்பதாக அதன் ஆக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள். நீண்டகாலப் பதிவுகளுக்கு இது பொருத்தமானது.

முதல் விதி: பிரதி எடுக்கும் வரை எதையும் தொடாதீர்கள்

நான் பார்த்த இழப்புகளில் பல, பழுதால் வந்தவை அல்ல. பழுது நீக்கப் போனதால் வந்தவை. பிழைச் செய்தி வந்ததும் மென்பொருளை மூடுங்கள். தரவுக் கோப்பு இருக்கும் கோப்புறையை முழுதாகப் பிரதி எடுங்கள். அங்கே முதன்மைக் கோப்பின் பெயரோடு 'ஜேர்னல்' அல்லது 'வால்' என்ற ஒட்டுச் சேர்ந்த இன்னொரு கோப்பு இருக்கலாம். அதைக் குப்பை என்று நினைத்து அழிக்க வேண்டாம். பாதியில் நின்றுபோன பதிவைச் சீராக்கத் தேவையான விபரம் அதற்குள்தான் இருக்கிறது.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்படிக் கரண்ட் போவதைத் தாங்கும்படியாகவே எஸ்கியூலைட் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த முறை திறக்கும்போது அந்தத் துணைக்கோப்பைப் படித்துத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். துணைக்கோப்பை அழித்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும். மலிவான பென் ட்ரைவும் மெமரி கார்டும் வேறு விதம். எழுதி முடிக்காமலே முடித்துவிட்டதாகச் சொல்லிவிடும். அவற்றில் பிரதி வைக்கலாம். வேலை செய்யும் கோப்பை வைக்கக் கூடாது.

பிழை எண்களின் பொருள்

5 – பூட்டியிருக்கிறது. இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். தரவு கெடவில்லை. மற்ற இடங்களில் திறந்திருப்பதை மூடுங்கள். மென்பொருளில் 'பிஸி டைம்அவுட்' 5,000 மில்லிசெக்கன் என்று வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒரே கோப்பை வலையமைப்புக் கோப்புறையில் வைத்துப் பல கணினிகளில் திறப்பது ஆபத்து. பூட்டு அங்கே ஒழுங்காக வேலை செய்யாமல் கோப்புக் கெடலாம்.

11 – கோப்புச் சிதைந்திருக்கிறது. பிரதியை மட்டும் எடுத்து 'இன்டெக்ரிட்டி செக்' கட்டளையை ஓட்டுங்கள். சுட்டியில் மட்டும் குறை என்றால் 'ரீஇன்டெக்ஸ்' போதும். அட்டவணையே உடைந்திருந்தால், 2019க்குப் பிந்திய பதிப்புகளில் உள்ள 'ரிகவர்' கட்டளை மீட்கக்கூடிய வரிகளைப் புதிய கோப்புக்கு மாற்றித் தரும். வந்த வரிகளை எண்ணி, பழைய அச்சுப்பிரதியோடு ஒப்பிடாமல் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

13 – வட்டில் இடம் இல்லை.

14 – கோப்பைத் திறக்க முடியவில்லை. பாதையையும் அனுமதியையும் பாருங்கள்.

26 – இது எஸ்கியூலைட் கோப்பே அல்ல. வேறு கோப்பைத் திறந்திருக்கலாம், கோப்பு மறைகுறியாக்கப்பட்டிருக்கலாம், தலைப்பகுதி அழிந்திருக்கலாம்.

'அப்படி ஓர் அட்டவணை இல்லை' என்ற செய்தி வந்து, பட்டியல் வெறுமையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சொன்ன இடத்தில் கோப்பு இல்லையென்றால் எஸ்கியூலைட் பொதுவாகப் புதிய வெற்றுக் கோப்பை உருவாக்கிவிடும். பழைய கோப்பு வேறு கோப்புறையில் பத்திரமாக இருக்கக்கூடும்.

பெயர் இருக்கிறது, தேடினால் வரவில்லை

இது எந்தப் பிழை எண்ணும் காட்டாத பழுது. எங்கள் பகுதிக்கு இதுவே பெரியது. எஸ்கியூலைட் எழுத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டு எண்ணைத்தான் பார்க்கும். 'மொஹிதீன்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. இதைச் சேமிக்கும் முன் யூனிகோட் இயல்பாக்கம் செய்து தீர்க்கலாம். 'மௌலவி' என்பதை ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதியிருந்தால் இயல்பாக்கமும் உதவாது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

முஹம்மது, முகம்மது, மொஹமட் மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். எழுதித் தந்த வடிவத்தை மாற்றாதீர்கள். தேடுவதற்கென்று எளிய வடிவத்தை இன்னொரு நிரலில் சேருங்கள். பழைய பட்டியல் முழுக்க அர்த்தமற்ற ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் அது சிதைவாக இல்லாமல் பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றினால் வந்துவிடும்.

திகதிக்கு எஸ்கியூலைட்டில் தனி வகை இல்லை. 6/12/1990 என்று எழுதினால் ஜூனா டிசம்பரா என்பது பின்னால் யாருக்கும் தெரியாது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் விடயத்தில் அந்த ஆறு மாதம் சாதாரணமானது அல்ல. ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 1990-06-12 என்றே எழுதுங்கள்.

அழித்தது அழிந்ததா?

ஒரு வரியை அழித்தாலும் அதன் எழுத்துகள் கோப்புக்குள் கிடக்கலாம். தவறி அழித்ததை மீட்க இது உதவும். ஆனால் சாட்சி சொன்னவரின் பெயரை அவர் கேட்டபடி நீக்கிவிட்டு அந்தக் கோப்பை வேறொருவருக்குக் கொடுத்தால், பெயரும் கூடவே போகக்கூடும். கொடுக்கும் முன் 'வெக்கியூம்' கட்டளையை ஓட்டுங்கள். எஸ்கியூலைட்டில் இயல்பாகக் கடவுச்சொல் பாதுகாப்பும் இல்லை. கோப்புக் கிடைத்தவர் எல்லாவற்றையும் வாசிக்கலாம். எனவே வட்டையே மறைகுறியாக்கி வையுங்கள்.

பிரதி

மென்பொருள் ஓடும்போது கோப்பை இழுத்துப் பிரதி எடுத்தால் பாதி எழுதிய நிலை பதியக்கூடும். 'பேக்கப்' அல்லது 'வெக்கியூம் இன்டூ' கட்டளையைப் பயன்படுத்துங்கள். எடுத்த பிரதியை வேறு கணினியில் திறந்து, சோதித்து, வரிகளை எண்ணுங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. ஒரு பிரதி கரையிலேயே இருக்கட்டும். இன்னொன்றைச் சம்மாந்துறை போன்று கடலிலிருந்து உள்ளே தள்ளிய ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைக் கடதாசியிலும் அச்சடியுங்கள். கணினியும் கடதாசியும் ஒன்றையொன்று காக்கட்டும்.