திகதிக்குப் பலியான கட்டங்கள்: டென்வர் விமான நிலைய அனுபவம்

தொழில்நுட்பச் செயற்றிட்டமொன்று எண்ணமாகத் தோன்றும் நாள் முதல் பாவனைக்குக் கையளிக்கப்படும் நாள் வரை சாத்தியவள ஆய்வு, தேவைகளை வரையறுத்தல், வடிவமைப்பு, நிர்மாணம், பரீட்சார்த்தம் எனப் பல கட்டங்களைக் கடக்கின்றது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தொடர்வதா, திருத்துவதா, கைவிடுவதா என்ற வினா எழுப்பப்படல் வேண்டும். அவ்வினாவுக்குக் கிடைத்த விடை புறக்கணிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் இன்றும் எடுத்துக்காட்டாக உள்ளது.

அந்நிலையத்தின் நிர்மாணப் பணிகள் 1989 இல் ஆரம்பமாகின. பயணப்பொதிகளைக் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிறு வண்டிகளில் ஏற்றி, நிலையம் முழுவதற்கும் தானாகவே விநியோகிப்பது என்பது பின்னர் உதித்த எண்ணம். 1990 இல் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, இது மிகச் சிக்கலானது என எச்சரித்தது. இதைவிட எளிமையானதொரு முறைமையை நிறுவிய ஜேர்மனியின் மியூனிச் விமான நிலையத்தினர், பரீட்சார்த்தத்துக்கு மட்டும் இரண்டு வருடங்கள் தேவைப்பட்டதாகத் தெரிவித்திருந்தனர். அவற்றுள் ஆறு மாதங்கள் அம்முறைமை இரவு பகலாக இயக்கிப் பார்க்கப்பட்டது.

எனினும் 1992 இல் டென்வரில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. திறப்பு விழாவுக்கென 1993 ஒக்டோபர் 31 ஆம் திகதி ஏலவே குறிக்கப்பட்டிருந்தது. மியூனிச்சில் பரீட்சார்த்தத்துக்குச் சென்ற காலத்திலும் குறைந்த காலத்துள் இங்கு வடிவமைப்பு முதல் கையளிப்பு வரை அனைத்தும் நிறைவேற வேண்டியதாயிற்று! கட்டிடங்களோ ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தன. ஆகவே தண்டவாளங்கள் குறுகிய இடங்களிலும் கூரிய வளைவுகளிலும் பொருத்தப்பட்டன. போதாக்குறைக்கு, பனிச்சறுக்கு உபகரணங்களையும் கையாள வேண்டும் என்பது போன்ற புதிய தேவைகளை விமான சேவை நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பின்னரும் முன்வைத்தன.

1994 இல் ஊடகவியலாளர் முன்னிலையில் நடத்தப்பட்ட ஒத்திகையில் பொதிகள் கிழிந்து ஆடைகள் சிதறின. வண்டிகள் ஒன்றுடனொன்று மோதின. திறப்பு விழா மீண்டும் மீண்டும் பிற்போடப்பட்டது. தாமதத்தின் செலவு நாளொன்றுக்குச் சுமார் 10 இலட்சம் டொலர். இறுதியில் ஜேர்மனிய ஆலோசனை நிறுவனமொன்றின் யோசனைப்படி இழுவை வண்டிகளைக் கொண்ட பழைய முறை மாற்றேற்பாடாக அமைக்கப்பட்டது. 1995 பெப்ரவரி 28 இல், 16 மாதங்கள் பிந்தி, நிலையம் திறக்கப்பட்டது.

இதனைப் பொறியியலாளர்களின் அறியாமை எனக் கூறிவிட முடியாது. வேண்டிய தகவல்கள் யாவும் தீர்மானம் எடுத்தவர்களின் மேசையிலேயே இருந்தன. திகதியை அசைக்க மட்டும் எவரும் முன்வரவில்லை.

மென்பொருள் உருவாக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து விளக்கியவர்களுள் முக்கியமானவர் வின்ஸ்டன் றோய்ஸ். அவர் 1970 இல் வெளியிட்ட கட்டுரையின் வரைபடமே பிற்காலத்தில் 'நீர்வீழ்ச்சி முறை' எனப் பெயர் பெற்றது. ஆயின் பரீட்சார்த்தத்தைக் கடைசிக்கு விடுவது ஆபத்தானது என்றும், முதலில் மாதிரியொன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்றும் அதே கட்டுரையில் அவர் எழுதியிருந்தார். வரைபடத்தைப் பின்பற்றியோர் பலர் எச்சரிக்கையை வாசிக்கவில்லை போலும்.

டென்வரின் தானியங்கி முறைமை ஒரே முனையத்தில், புறப்படும் விமானங்களின் பொதிகளுக்காக மட்டும், யுனைட்டட் விமான சேவையால் பயன்படுத்தப்பட்டு வந்தது. பராமரிப்புச் செலவு தாளாது 2005 இல் அதுவும் கைவிடப்பட, அங்கும் பொதிகளைத் தொழிலாளர்களே இழுவை வண்டிகளில் ஏற்றத் தொடங்கினர்.