பஸ்ஸின் விலாவில் எழுதிய பெயர்

சென்னைப் பட்டணத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவர்கள் வருகிற வண்டியின் நெற்றியைப் பார்ப்பார்களேயன்றி விலாவைப் பார்ப்பது அபூர்வம். நெற்றியில் இருப்பது தடத்தின் எண். விலாவில் இருப்பது உடையவர் பெயர். அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி, குரோம்பேட்டை என்று தென்திசை நோக்கித் தாம்பரப் பக்கம் போகிற 18ஏ வந்துவிட்டதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறவருக்கு, அந்த வண்டி இன்றைக்கு யாருடைய சொத்து, அதை ஓட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் யார் என்ற விசாரமெல்லாம் கிடையாது. உட்கார இடம் கிடைக்குமா என்பதே அவருடைய விசாரம். ஆயினும், முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் அந்த விலாவிலே எழுதியும் அழித்தும் மறுபடி எழுதியும் வந்த பெயர்களை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால், ராஜ்யங்கள் கைமாறிய கதைக்குச் சற்றும் குறையாத ஒரு சரித்திரம் அதிலே கிடைக்கிறது.

இந்நகரில் மோட்டார் பஸ்ஸுக்கு மூத்தவள் டிராம். 1895ஆம் வருஷம் மே மாதம் 7ஆம் தேதி ஓடத் தொடங்கிய சென்னை மின்சார டிராம், இந்தியாவிலேயே முதலாவது. முதலில் மின்சாரத்தைத் தரைக்கடியில் வெட்டிய வாய்க்கால் வழியாகக் கொண்டுபோனார்கள். ஐப்பசி கார்த்திகை மழையை அறியாதவர்கள் போட்ட திட்டம் என்பதை முதல் சில மழைக்காலங்களே நிரூபித்துவிட, பிறகு கம்பியைத் தலைக்குமேல் கட்டினார்கள். 1921இல் 97 வண்டிகள் 24 கிலோமீட்டர்த் தண்டவாளத்தில் ஓடின என்பது அந்தக் கம்பெனியின் உச்சகாலக் கணக்கு. அதே காலத்தில்தான் தனியார் மோட்டார் பஸ்கள் தெருவுக்கு வந்தன. தண்டவாளத்துக்குக் கட்டுப்பட்ட டிராம் நேரே போய்க்கொண்டிருக்க, கட்டுப்பாடற்ற பஸ் சந்துக்குச் சந்து வளைந்து ஆள் பிடித்தது. ஒருவன் ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டும் பஸ் முதலாளியாகலாம் என்றிருந்த அந்த நாளில், கூட்டம் சேர்ந்தால்தான் வண்டி புறப்படும்; கடிகாரத்துக்கு அங்கே வேலையில்லை. 1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் என்ற கடிவாளத்தை இறுக்கிப் போட்டது.

உடனே யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதிலே அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் என்ஜினை இயக்கினார்கள். மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் இந்த ‘காஸ் பிளாண்ட்’டைத் தாங்களே செய்து விற்றார்கள். விடியற்காலையில் ஒரு பையன் கரி அப்பிய முகத்தோடு துருத்திச் சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்ற, முதலில் புகையும் பிறகு இருமலும் அதன்பின் ஒருவாறாக உயிரும் வந்து வண்டி நடுங்கத் தொடங்கும். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். டிக்கெட் வாங்கியவனும் தள்ளவேண்டும். அக்காலத்துப் பெரியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். தள்ளின காலத்தில் சிரித்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

சுதந்திரம் வந்த 1947ஆம் வருஷத்தில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோது, சென்னை நகர பஸ்களைச் சர்க்கார் ஏற்பது என்று தீர்மானமாயிற்று. மறு வருஷத்துக்குள் தனியார் வண்டிகள் நகரத் தடங்களைவிட்டு நீங்கின. இதுவே முதலாவது பெரிய கைமாற்றம். 1953 ஏப்ரலில், நஷ்டத்தைத் தாங்கமாட்டாத டிராம் கம்பெனியும் தன் கடையைக் கட்டிக்கொண்டு போக, தண்டவாளம் இருந்த தெருக்களிலும் சர்க்கார் பஸ்ஸே ஏகபோகமாயிற்று. பிரயாணியைப் பொறுத்தவரையில் அவன் கண்ட மாறுதல் என்ன? முன்னே கூட்டம் சேருமட்டும் வண்டி நின்றது. இப்போது கூட்டம் இருந்தும் நிற்காமல் போகக் கற்றுக்கொண்டது. இது என் சொந்த அபிப்பிராயம். சர்க்கார் பஸ்ஸில் ஏறியே வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அப்போது வந்த புது வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் உடையவர் மாறுவதைக் கண்டுகொள்ளாத ஜனங்கள் வண்டி மாறினால் உடனே கண்டுகொள்வார்கள், அதுவும் முழங்காலால். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. அதன் ‘காமெட்’ முதலான சேஸிஸ்கள் அடிப்படையில் லாரிக்கு ஏற்றவை. அரிசி மூட்டைக்குத் தரை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஆட்சேபணையில்லை. அந்த லாரிச் சட்டத்தின்மேல் கூடு கட்டி, ஜன்னல் வைத்து, பெஞ்சு போட்டுவிட்டால் பஸ். ஆகவே தரை இடுப்புயரத்தில் நின்றது. அதை எட்ட மூன்று படிகள். முதற்படியோ சாலையிலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாது. ஓட்டுநருக்கு இடப்பக்கம் என்ஜின். அதன்மேல் இரும்பு மூடி. அதைத்தான் ‘பானட்’ என்போம். கூட்ட நாட்களில் பள்ளிக்கூடப் பைகளும், மீன்கூடைகளும், வேறு கதியில்லாத இரண்டு மூன்று மனிதர்களும் அந்தக் கொதிக்கும் பானட்டின்மேல் தாம்பரம்வரை பிரயாணம் செய்வார்கள். மாரிக்காலத்தில் மட்டும் அந்த இடத்துக்குப் போட்டி இருக்கும்.

என் அத்தைக்கு முட்டிவலி. பஸ் வந்தவுடன் அவள் முதலில் புடவைக் கொசுவத்தை இடக்கையால் தூக்கிப் பிடிப்பாள். பிறகு வலக்கையால் வாசல் கம்பியைப் பற்றுவாள். பிறகு ‘முருகா’ என்று சொல்லி வலக்காலை அந்த முதற்படிக்கு ஏற்றுவாள். இந்த மூன்றும் நடந்து முடிவதற்குள் விசில் ஊதப்பட்டுவிடும். அவளுக்குத் தெரிந்த போக்குவரத்துச் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு படிதான்.

1967இல் வந்த புது ஆட்சியில் பஸ்ஸுக்குள் திருக்குறள் எழுதிவைத்தார்கள். சக்கரத்தின் கீழிருந்து எழும் புழுதியைத் தின்றுகொண்டே அடக்கமுடைமையைப் படித்த தலைமுறை எங்களுடையது. 1972 ஜனவரி முதல் தேதியன்று சர்க்கார் இலாகா என்ற நிலை போய், கம்பெனிச் சட்டத்தின்கீழ் ‘பல்லவன் போக்குவரத்துக் கழகம்’ சென்னைக்கு உதயமாயிற்று. அதே வருஷத்தில் மதுரைக்குப் பாண்டியனும், கோவைக்குச் சேரனும், கும்பகோணத்துக்குச் சோழனும் வந்தார்கள். மூவேந்தரும் ஒற்றுமையாக ஒரே காரியத்தைச் செய்தது தமிழ்ச் சரித்திரத்தில் அநேகமாக அந்த ஒரு சமயந்தான். மதுரையில் பாண்டியன் ஏற்றது டி.வி.எஸ். வண்டிகள் ஓடிய தடங்களை. அந்த வண்டி வருவதைக் கண்டு கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதையை மதுரைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள், கேட்கிறவர் சென்னைக்காரராயிருந்தால் சற்று உரக்கவே சொல்வார்கள்.

பல்லவன் காலத்தில் வாகனங்களில் விநோதங்களுக்குக் குறைவில்லை. லாரித் தலை ஒன்று முன்னே இழுக்க, ஜனங்கள் பின்னே தனிப்பெட்டியில் போன டிரெய்லர் பஸ் ஒன்று. ஓட்டுநருக்கும் பிரயாணிகளுக்கும் நடுவே காற்று மட்டுமே இருந்ததால், உள்ளே என்ன கலகம் நடந்தாலும் அவர் காதில் விழாது. மாடி பஸ் மற்றொன்று. 18ஏ தடத்திலே அது ஓடியபோது மாடியின் முன்வரிசை ஆசனத்துக்காகப் பையன்கள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பதுண்டு. பிற்காலத்தில் இரண்டு பெட்டிகளை ஆர்மோனியத் துருத்தி போன்ற மடிப்பால் இணைத்த நீளவண்டியும் வந்தது. திருப்பத்தில் அந்தத் துருத்தியருகே நிற்பவர் தம் இரு கால்களும் இரு திசையில் போவதை அனுபவிக்கலாம். இத்தனை விநோதங்களிலும் மாறாதிருந்தது கண்டக்டர் தம் ஆசனத்தைவிட்டு எழாமையே. காசு கையோடு கை மாறிப் பின்னே போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியே முன்னே வரும். பத்துப் பேர் கைமாறிய சில்லறையில் ஒரு காசும் குறையாமல் வந்து சேர்வதை வெளியூர்க்காரர்கள் வியந்து பார்ப்பார்கள்.

மன்னர் நால்வரோடு பெயர்சூட்டல் நிற்கவில்லை. அண்ணா, கட்டபொம்மன், தந்தை பெரியார், திருவள்ளுவர், ஜீவா, நேசமணி, மருதுபாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள் என்று கழகங்கள் பிரியப் பிரியப் பெயர்களும் பெருகின. ‘திருவள்ளுவர் பஞ்சராகி நிற்கிறார்’, ‘கட்டபொம்மன் இன்றைக்கு லேட்’ என்று பஸ் நிலையத்தில் பேசிக்கொள்வதில் எவருக்கும் அவமரியாதை நினைப்பு இருந்ததில்லை. சென்னையிலும் 1994இல் பல்லவனிடமிருந்து வடபகுதி பிரிந்து டாக்டர் அம்பேத்கர் பெயரால் ஒரு கழகம் ஏற்பட்டது. பெயர் என்பது எவ்வளவு கூரிய வஸ்து என்று 1997இல் தெரிந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளையரை எதிர்த்த அந்த வீரர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் என்பதால், அவர் பெயரெழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றவர்கள் இருந்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசாங்கம் இறுதியில், ஒரு பெயரை மட்டும் எடுத்தால் அநீதி, எல்லாப் பெயரையும் எடுத்தால் சமரசம் என்று கருதியதுபோல், அந்த ஜூலை முதல் தேதியிலிருந்து மன்னர், புலவர், தலைவர் அத்தனை பேரையும் விலாவிலிருந்து இறக்கிவிட்டது. மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயர்களும் அதோடு போயின. சேர சோழ பாண்டியர் மூவரும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்குள் அடங்கினார்கள். ஏற மறுத்தவர்கள் மறுத்தது ஒரு பெயரை. இழந்தது எல்லோரும் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

சென்னைக் கழகங்கள் இரண்டும் ‘மாநகர் போக்குவரத்துக் கழகம்’ என்ற பொதுப்பெயர் பெற்று, 2001இல் மறுபடி ஒன்றாயின. ஆனாலும் தலைமை அலுவலகத்துக்கு இன்றுவரை பல்லவன் இல்லம் என்றே பெயர். அதன் வாசல் சாலை பல்லவன் சாலை. விலாவிலிருந்து இறங்கின மன்னன் வீட்டோடு தங்கிவிட்டான். ஐம்பது வயது கடந்தவர்கள் வாயிலும் அவன் இருக்கிறான்.

இந்த நூற்றாண்டு விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு வைத்த சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை, ‘வெள்ளை போர்டா?’ என்ற கேள்விக்கு அன்றிலிருந்து கூடிய அர்த்தம் ஏற்பட்டது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை சென்று வாதாடிய பிறகு, தாழ்தள பஸ்கள் 2024இல் வந்தன. இவற்றின் தரை சாலையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரந்தான். நிறுத்தத்தில் வண்டி தன் இடப்புறத்தைச் சற்றே தாழ்த்தி மண்டியிடும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு. லாரியின் முதுகிலிருந்து பஸ் இறங்குவதற்கு இத்தனை வருஷமாயிற்று.

2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. மின்சாரம் என்ற மட்டில் இது டிராம் போன வழியே திரும்பி வந்ததுதான். உடைமை என்ற மட்டிலும் ஒரு பாதி திரும்பி வந்தது. வண்டி தனியார் நிறுவனத்தினுடையது. ஓட்டுநரும் அவர்கள் ஆள். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் அவர்களுக்குப் பணம் தருகிறது. தடமும், கட்டணமும், கண்டக்டரும் மட்டும் கழகத்தினுடையவை. தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயம் என்று எதிர்த்தன. சர்க்கார் அவ்வாறன்று என்றது. ஒரே வண்டியின் முன்னிருக்கையில் ஒரு முதலாளியின் சிப்பந்தியும் பின்னிருக்கையில் இன்னொரு முதலாளியின் சிப்பந்தியும் அமர்ந்து போகிற விசித்திரத்தை 1947இல் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். வண்டியைச் செய்ததோ எண்ணூர் அசோக் லேலண்டின் மின்வாகனக் கிளை. அவ்வண்டிகளுக்கு முதலில் கொடுத்த தடங்களில் 18ஏ-யும் ஒன்று. இப்போது அது தாம்பரத்தையும் தாண்டிக் கிளாம்பாக்கம் போகிறது.

அதில் ஒரு நாள் நான் போனேன். சைதாப்பேட்டையில், என் அத்தை வயதிருக்கும் ஓர் அம்மாள், வண்டி வந்து நின்றவுடன் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, கம்பியைப் பற்றி, ஏதோ ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லி, வலக்காலை வழக்கமான உயரத்துக்குத் தூக்கி வைத்தாள். படி அங்கே இல்லை. கால் காற்றில் இறங்கி, எதிர்பாராத தாழ்வில் தரையைத் தொட, அவள் ஒரு கணம் தடுமாறி, குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது பல்லவன் வண்டிதானே?” என்றாள்.

“ஏறியாச்சும்மா, உள்ளே போங்க” என்று சொல்லி அவர் விசிலை ஊதினார்.